பூ எடுக்கும் நேரமும் ஓ.பி. நேரமும்

அரசு மருத்துவமனையில் பல்லுக்குப் போனவர்கள் எழுதச் சொல்லியிருந்தீர்கள், அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அம்மா மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மொட்டு விரிவதற்குள் எடுத்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும், அதனால் காலையில் ஒரு மணி நேரம் தவறினாலும் அன்றைய கூலி போச்சு.

வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டார். கன்னம் வீங்கி, ஒரு பக்கக் கண்ணே சின்னதாகத் தெரிந்தபோதுதான் என்னிடம் வாயைத் திறந்து காட்டினார்.

கூட்டிக்கொண்டு போனோம். வீக்கம் வற்ற ஐந்து நாள் மாத்திரை, அப்புறம் மறுபடி வரச் சொன்னார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "வேர் சிகிச்சை பண்ணா பல்லைக் காப்பாத்தலாம்மா, மூணு நாலு தடவை காலையில வரணும், மேல போடுற கேப் மட்டும் வெளியில போட்டுக்கணும்" என்றார். அம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "பிடுங்கியே விட்டுருங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டார்.

நான் அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிடுங்கிய பல்லை ட்ரேயில் பார்த்தேன், ஒரு ஓரம்தான் கறுத்திருந்தது, மீதி கெட்டியாக, நல்ல பல்லாக இருந்தது. இன்னமும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

பணம் இல்லாததால் மட்டும் போன பல் இல்லை அது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஓ.பி.யிலும் (புறநோயாளிகள் பிரிவு) காசு வாங்கவில்லை. தடுத்தது நாலு காலைக் கூலியும் கேப் செலவும்தான். வருஷத்துக்கு 5 லட்சம் என்கிறார்களே என்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், இந்த வைத்தியத்துக்குச் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொத்தை வந்த உடனே அடைத்திருந்தால் வேர் சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது, ஆனால் அதற்கும் ஒரு காலைப் பொழுது வேண்டுமே.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலேயே வந்துவிட்டது, புதுக்கோட்டைக்கு 2023இல் வந்தது. இத்தனை பெரிய மதுரையில் இருப்பதெல்லாம் தனியார் கல்லூரிகள். கல்லூரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், வாரத்தில் இரண்டு நாளாவது சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பல் டாக்டர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால், பூ எடுக்கிறவர், செங்கல் சூளைக்குப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் எல்லோரும் வருவார்கள். பல்லை அடைப்பதையும் வேர் சிகிச்சையையும் கேப்போடு சேர்த்துக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன், கூட வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மா இப்போது எல்லாவற்றையும் இடது பக்கமாகவே மெல்லுகிறார். அந்தப் பக்கமும் ஒரு பல் கூச ஆரம்பித்திருக்கிறது. பனிக்காலத்தில் பூ வரத்துக் குறையும், அப்போது போய்க் காட்டிக்கொள்ளலாம் என்கிறார்.