பட்சி சொன்னால் கேட்கலாமா, கூடாதா?

வடகடல்:
பாம்பனில் எங்களுக்கு ஒரு வல்லம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு நண்டுக்கு அப்போது நல்ல கிராக்கி. இந்தத் தடவை புதிதாக ஒரு வியாபாரி வந்து கிலோவுக்கு 40 ரூபாய் கூடத் தருகிறேன், முன்பணமும் தருகிறேன் என்றார். பேசும்போது முகத்தைப் பார்க்கவே இல்லை, செல்போனைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை, அப்பாவைத் தடுத்துவிட்டேன். மச்சான் அவரிடமே நண்டு போட்டான், சனிக்கிழமை தவறாமல் காசு வருகிறது. போன வருஷமோ சிரித்த முகமாக வந்த ஒருவரை நம்பி 25,000 கொடுத்தேன், ஆள் இன்றுவரை போனை எடுக்கவில்லை. இனி மனசு சொல்வதைக் கேட்பதா, வேண்டாமா?

சேதுக்கரையான்:
கேளுங்கள். உங்கள் அப்பா வடகடலில் வாடை கிளம்பப் போவதைக் கருவி வைத்தா கண்டுபிடிக்கிறார்? பட்சி சொல்கிறது, வல்லத்தைத் தென்கடலுக்குக் கொண்டுபோகிறார். மச்சான் கதை இன்னும் முடியவில்லை, பெரிய தொகை பாக்கி நிற்கும்போதுதான் ஆள் காணாமல் போவான்.

கீழக்கரை ராத்தா:
கடல் வேறு, மனுஷர் வேறு தம்பி. கடலில் கணக்குத் தப்பினால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், அப்படி அடி வாங்கி வாங்கித்தான் அப்பாவுக்கு அது வந்தது. நீங்கள் வேண்டாம் என்று அனுப்பியவர் நல்லவரா என்பது எப்படித் தெரியும்? மச்சான் மட்டும் நண்டு போடாமல் இருந்திருந்தால் "நல்லவேளை தப்பித்தேன்" என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உளவியலில் டேனியல் கானெமனும் கேரி கிளைனும் இந்த விஷயத்தில் எதிரெதிர்க் கட்சி, 2009-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும் இதுதான் வருகிறது: தொழிலில் ஓர் ஒழுங்கு இருந்து, செய்த தப்பு உடனுக்குடன் தெரியவும் வந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம். 2006-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று மக்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 தான். காசைச் சுண்டினாலே 50 வருமே.

சேதுக்கரையான்:
அது முன்பின் தெரியாதவரை உட்காரவைத்துக் கேட்ட கணக்கு ராத்தா. ஏலம் நடக்கிற இடத்தில் முப்பது வருஷம் நின்றவருக்கு அது பொருந்தாது.

உச்சிப்புளி அக்கா:
காசு விஷயத்தையே பேசுகிறீர்கள். ராத்திரி ராமேஸ்வரம் பஸ்ஸில் ஒருத்தன் மூன்று தடவை இடம் மாறி என் பின் சீட்டுக்கு வந்தான், நான் உச்சிப்புளியிலேயே இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், எனக்கு நஷ்டம் அரை மணி நேரம். இதற்கெல்லாம் ஆய்வு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கீழக்கரை ராத்தா:
அதில் மறுபேச்சே இல்லை, நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன். ஆனால் வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்வதும் இதே பட்சிதான். என் கதையைக் கேளுங்கள். கல்யாணமான புதிதில் மாமியாரின் அக்கா வந்திருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து நான் நாலு தடவை பேச்சுக் கொடுத்தும் திரும்பவே இல்லை. சரியான திமிர் என்று ஒரு வருஷம் நானும் பேசவில்லை. அவருக்கு வலது காது கேட்காது என்று அப்புறம்தான் தெரிந்தது, நான் உட்கார்ந்ததும் வலது பக்கம்தான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சேதுக்கரையான்:
ஒரு காதை வைத்து ஊரையே நம்பச் சொல்கிறீர்கள்.

வடகடல்:
எல்லாவற்றையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரிக்கிறார். வாடைக்கு முந்தின நாள் அவருக்கு முழங்கால் குடையுமாம், அதற்காக வல்லத்தை நகர்த்தியதில்லையாம், எழுந்து கரைக்குப் போய் வானத்தையும் அலையையும் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். வருகிற சனிக்கிழமை அந்த வியாபாரிக்கு 10 கிலோ மட்டும் போடப் போகிறோம், முன்பணம் வாங்கவில்லை, மீதி வழக்கமான கடைக்கு.

சேதுக்கரையான்:
காசு வந்தால் இங்கே எழுதுங்கள். வராவிட்டால் கட்டாயம் எழுதுங்கள்.