வாய்க்காலைத் தூர்வாரிய அன்றைக்குக் கரையில் என்ன பார்த்தீர்கள்?

தடப்பள்ளிக்காரன்:
தண்ணீர் அடைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பொக்லைன் வந்து எங்கள் கிளை வாய்க்காலை அரை நாளில் வழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம் கரையில் நடக்கிறேன், கொட்டி வைத்த கருஞ்சேறு தன்பாட்டில் அசைகிறது. பாம்போ என்று பதறிக் குச்சியால் கிளறினால் பாம்பு மாதிரி நீண்ட ஆரால் மீன், ஏழெட்டு இருக்கும், தலையை இன்னும் உள்ளே புதைக்கப் பார்க்கின்றன. பக்கத்திலேயே வாய் லேசாகத் திறந்த ஒரு மட்டி, அதுதான் ஆற்றுச் சிப்பி. விரலை வைத்ததும் மூடிக்கொண்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. கையில் சிக்கியதை வாளியில் அள்ளி மதகடிக் குட்டையில் விட்டேன். மிச்சத்தை விடிவதற்குள் காக்காய் தின்றுவிட்டது.

கொடுமுடிக் கடைமடை:
ஆராலுக்கு அழுகிறவர் தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர் போலிருக்கிறது. காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டு வாய்க்கால், 90 கிலோமீட்டருக்குக் கிட்ட வளைந்து வருகிறது, நடுவில் ஆகாயத்தாமரை அடைத்தால் எங்கள் வயல் காய வேண்டியதுதான். வாராமல் எப்படிங்க? ஆனால் நானும் ஒன்று பார்த்தேன். ஒருநாள் விடியற்காலை கெண்டை எல்லாம் வாயை மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது, விரால் மட்டும் ஜம்மென்று திரிகிறது (அது காற்றையே விழுங்குமே). சாயத் தண்ணீர் விட்டுவிட்டான் என்று ஊரே கத்தியது, நானும்தான். கடைசியில் பார்த்தால் வாய்க்காலின் மேல்பகுதியில் தூர்வாரும் இயந்திரம் ஓடுகிறது. கிளம்பி வந்த அடிச்சேறு தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது.

பள்ளத்தோரம்:
எனக்குப் பெரிய கதை இல்லை. பக்கெட்டில் ஒரு ஆமை வந்தது, ஓட்டுகிற தம்பியே இறங்கி எடுத்துவிட்டார்.
ஆனால் இரண்டு பேருக்கும் சொல்கிறேன், வாரலாமா கூடாதா என்பதில்லை பேச்சு, எப்படி வாருகிறோம் என்பதுதான். ஒரே மூச்சில் இரண்டு கரையையும் வழிக்காமல் இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம் என்று வையுங்கள். இடையிடையே கோரையை விட்டுவிடுங்கள். அள்ளிய சேற்றை உடனே டிப்பரில் ஏற்றாமல் தண்ணீர் ஓரமாகவே ஒரு நாள் போட்டால் ஊர்கிறது நகர்கிறதெல்லாம் திரும்ப இறங்கிவிடும், மட்டியை மட்டும் ஆள் விட்டுப் பொறுக்க வேண்டும், அதன் காலுக்கு அவ்வளவு தூரம் நகர்ந்து திரும்ப முடியாது. முதல் மழைக்கு மீன் ஏறும்போது கை வைக்கவே வைக்காதீர்கள். மட்டிக் குஞ்சு மீன் செவுளில் ஒட்டித்தான் கொஞ்ச நாள் வளரும், மீனை விரட்டினால் மட்டியும் போச்சு. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும், கசிவுநீர் நிற்கும் என்று சண்டை போடுகிறோம், சரிதான், அந்த வழுக்குச் சரிவில் ஆமை எப்படி ஏறும் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

தடப்பள்ளிக்காரன்:
நான் யோசனை கேட்கவே இல்லைங்க, இருந்தாலும் சேற்றை ஓரமாகப் போடுகிறதைச் சொல்லிப் பார்க்கிறேன். கொடுமுடிக்காரரே, நானும் கிளையில் கடைமடைதான். நேற்று குட்டையில் காலை விட்டுத் துழாவினேன், கட்டைவிரலில் ஒரு மட்டி தட்டுப்பட்டது. நான் விட்டதா, முன்னமே இருந்ததா, யாருக்குத் தெரியும்.