ஓபேர் விசாவில் ஜெர்மனி போனால் மொழி வருமா?

பட்டர்வொர்த்_வாணி:
ஜெர்மன் குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓபேர் வேலைக்குப் போனால் ஓராண்டில் ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) வந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். தங்கைக்கு 20 வயது, ஏ1 (தொடக்க நிலை) சான்றிதழ் இருக்கிறது. அனுப்பலாமா?

செந்தூல்_இளங்கோ:
வேண்டாம்மா. கணக்குப் போட்டுப் பாருங்க. பி1 எட்ட 45 நிமிடப் பாடவேளை 350 முதல் 650 வரை ஆகும் என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிலையத்தின் கணக்கு. வேலைக்கு நடுவே போகும் வகுப்பு வாரம் இரண்டு மாலை, தலா 90 நிமிடம் என்று வைங்க. வாரத்துக்கு 4 பாடவேளை. விடுமுறை போக 40 வாரத்தில் 160. ஏ1-க்கு மேல் இது சேர்ந்தால் பி1-க்கு முந்தின ஏ2 முடியும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பழகிக்கலாம் என்பார்கள். மூணு வயசுப் பிள்ளையிடம் நாள் முழுக்க என்ன பேசுவீங்க? சப்பாத்தைப் போடு, கையைக் கழுவு, அங்கே ஏறாதே. எல்லாம் ஏவல். பி1 வாய்மொழித் தேர்வில் ஒரு தலைப்பை எடுத்து நன்மை தீமை விளக்கணும்.

ஆயர்_ஈத்தாம்_மாலா:
அண்ணே, காசுக்கு எங்கே போவது? மாணவர் விசா என்றால் முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்புள்ள வங்கிக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்டணும். ஐம்பதாயிரம் மலேசிய வெள்ளிக்கும் மேலே! ஓபேருக்கு அது கிடையாது. தனி அறை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, வகுப்புக்கு 70 யூரோ. வேலை நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30-ஐத் தாண்டக்கூடாது. வாரம் ஒன்றரை நாள் ஓய்வு.

செந்தூல்_இளங்கோ:
ஏட்டில் இருக்கு. வீட்டுக்குள்ளே யார் மணி பார்க்கிறது? பெற்றோர் இரவு வெளியே போய், பிள்ளை தூங்கும்போது காவல் இருப்பதை யாரும் எண்ணுவதில்லை. சண்டை வந்தால் வேலையோடு தங்கும் இடமும் போச்சு. இருபது வயசுப் பிள்ளை பெட்டியோடு எங்கே நிற்கும்?

ஆயர்_ஈத்தாம்_மாலா:
அந்தக் காவலும் 30 மணியில் சேர்ந்ததுதான், விதியே அப்படி. முதல் வாரத்திலிருந்து நேரத்தைக் குறித்து வைக்கணும், மாதக் கடைசியில் கேட்டால் எடுபடாது. ஒத்துவராவிட்டால் முன்னறிவிப்புக் கொடுத்துக் குடும்பம் மாறலாம். ஆனால் மொத்தம் 12 மாதம்தான், மாறினாலும் நீளாது. மாற்றுக் குடும்பம் தேட நாள் பிடிக்கும், அதனால் ‘ரால்’ தரமுத்திரை உள்ள முகவர் நல்லது. வழக்கறிஞர் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் ‘குடும்பம்’ மோசடி. ஒரு காசு அனுப்பாதீங்க.

பட்டர்வொர்த்_வாணி:
பெர்லினில் சித்தப்பா இருக்கிறார். அவர் வீட்டுக்கே போகலாமா?

ஆயர்_ஈத்தாம்_மாலா:
முடியாதுங்க. உறவினர் வீடு செல்லாது. வீட்டுமொழியும் ஜெர்மனாக இருக்கணும். இன்னொன்று: மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் விசா தேவையில்லையே, போய் மாற்றிக்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஓபேருக்கு கோலாலம்பூர்த் தூதரகத்தில் தேசிய விசா எடுத்த பிறகே பயணம். நேர்காணலில் ஜெர்மனிலேயே கேள்வி கேட்கலாம், சான்றிதழை மட்டும் நம்பிப் போகாதீங்க.

செந்தூல்_இளங்கோ:
அதைத்தான் நானும் சொல்றேன். ஏ1-ஓடு போகும் பிள்ளைக்குத் தன் உரிமையைப் பேசக்கூட வாய் வராது. விண்ணப்பிக்கும்போது 27 ஆகாமல் இருந்தால் போதும், ஆறு வருஷத்துக்கு மேலே கையில் இருக்கு. பினாங்கில் மலேசிய ஜெர்மன் சங்கத்திலேயே படிக்கலாம். ஏ2 முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

ஆயர்_ஈத்தாம்_மாலா:
ஏ2 நல்லதுதான், ஆனால் ஏ1-ஓடு போகவே கூடாது என்பதை ஒப்பமாட்டேன். வாணி, வீடியோ அழைப்பில் இதைக் கேளுங்க: வகுப்பு எந்த ஊரில், எந்தக் கிழமை, முடிந்ததும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? கிராமத்து வீடு என்றால் ஏழு மணிக்கே பேருந்து நின்றுவிடலாம், அப்புறம் 70 யூரோ இருந்தும் வகுப்பு இல்லை. வகுப்புக் கிழமைகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. தயங்கினால் அந்தக் குடும்பம் வேண்டாம்.