நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தவன் நான். வலி போச்சு, மாத்திரை போகலை. அந்தக் கதை இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்தப் பழக்கத்தில் இருந்து மீளக் கொடுக்கும் புப்ரினார்பின் என்ற மருந்தைத் தொடங்கிய முதல் நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"கடைசியா எப்போ போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். நேற்று மதியம் என்றேன். உண்மையில் அன்று விடியற்காலை. கேள்வி எதுவாக இருந்தாலும் வாயில் முதலில் பொய்தான் வரும், அப்படி ஒரு காலம் அது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். கரைந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், சட்டை முழுக்க வியர்வை. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் உதைத்துக்கொண்டே இருந்தன. அன்று வாந்தி எடுத்த கணக்கு வேண்டாம்.

காரணத்தைப் பிறகுதான் புரிய வைத்தார்கள். மூளையில் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து, போய் உட்காரும் இடத்தை இந்த மருந்து மற்றவற்றைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். பழையது இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே இதைப் போட்டால், அதை எழுப்பித் தள்ளிவிடும். மெதுவாக வர வேண்டிய வித்ட்ராயல், அதாவது மருந்து இல்லாமல் உடம்பு படும் பாடு, மொத்தமும் ஒரே மூச்சில் வரும். பழையது சீக்கிரம் அடங்கிவிடும் ரகம் என்றால் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோனில் இருந்து மாறுபவர்களுக்கு அதைவிட ரொம்ப அதிகம்.

இரண்டாவது தடவை உண்மையைச் சொன்னேன். வித்ட்ராயல் தானாகத் தொடங்கும்வரை காத்திருக்க வைத்தார்கள். நர்ஸம்மா டார்ச் அடித்துக் கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்த்தார், நாடி பிடித்தார், மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். நான் கொட்டாவி விட்டபோது "நல்லது, இன்னும் கொஞ்சம்" என்றார். என் கொட்டாவிக்கு அதுவரை யாரும் சந்தோஷப்பட்டதில்லை! அப்புறம்தான் மாத்திரை. ஒரு மணி நேரத்தில் மூக்கு நின்றது. போதை ஏறவில்லை. உடம்பு சும்மா இருந்தது, அவ்வளவுதான். பல வருஷத்தில் அப்படி இருந்ததே இல்லை.

—

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுக் கதையில நான்தான் வில்லி. என் தம்பி தினமும் கிளினிக்குக்குப் போய் மெத்தடோன் குடிச்சுட்டு வேலைக்குப் போவான். ஏழு மாசம் ஒழுங்கா இருந்தான். "ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்கே, இதுக்குப் பேர் குணமா? எப்போ நிறுத்தப் போறே?"னு நான்தான் நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் எனக்காகவே நிறுத்திட்டான். டாக்டர்கிட்டகூடச் சொல்லலை.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி அவன் ரூம்ல குறட்டை. தூங்குறான்னு நினைச்சேன். தண்ணிக்குள்ள இருந்து மூச்சு விடுற மாதிரி களகளன்னு ஒரு சத்தம், நடுவுல நிக்குது. லைட்டைப் போட்டா உதடு நீலம். ஆம்புலன்ஸ்காரங்க ஓபியாய்டை முறிக்கிற நலாக்சோன்ங்கிற மருந்தை மூக்குல அடிச்சாங்க, எழுந்துட்டான். எழுந்துட்டானேன்னு விடாம அள்ளிட்டுப் போனாங்க, ஏன்னா நலாக்சோன் வேலை முடிஞ்ச பிறகும் உள்ளே போனது மிச்சம் இருக்குமாம். பழைய அளவையே போட்டிருக்கான். இத்தனை நாள் இடைவெளியில உடம்பு அந்த அளவைத் தாங்குற பழக்கத்தை மறந்துடுச்சு. இப்போ திரும்பவும் மெத்தடோன். நான் எதுவும் கேக்குறதில்லை.

—

நால்ட்ரெக்சோன் எடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா? நான் மாதம் ஒரு ஊசி. இது போதையை அடைத்துவிடும் மருந்து, ஓபியாய்டு இல்லை. அதனால் தொடங்கும் முன் 7 முதல் 10 நாள் ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும். அந்த நாட்களை உள்நோயாளியாகக் கழித்தேன். வெளியில் இருந்திருந்தால் மூன்றாம் நாளே மறுபடி போதைக்குப் போயிருப்பேன். எனக்குச் சரியாக இருக்கிறது, அதற்காக எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

—

மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவன் நான். அக்கா, "ஒண்ணை விட்டு இன்னொண்ணு" என்பதை வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன், நீங்கள் மட்டும் சொன்னதில்லை. டோல், நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் மெத்தடோன் சிகிச்சையைப் பற்றி எழுதியது 1965-ல். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெத்தடோனும் புப்ரினார்பினும் 2005-லேயே ஏறிவிட்டன. இவ்வளவு வருஷம் ஆகியும் இந்தச் சீட்டை நீட்டும்போது மட்டும் ஆட்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

முதல் பதிவு போட்டவருக்கு ஒரு விஷயம். மாத்திரை முழுசாகக் கரையும்வரை பேசாதீர்கள், விழுங்காதீர்கள். வயிற்றுக்குப் போனால் பெரும்பகுதி வீண். கரைந்த பிறகு தண்ணீரால் வாயை மெதுவாக அலசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கலாம். பல் சொத்தை வருகிறது என்று 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. தூக்க மாத்திரையும் மதுவும் இதோடு சேரவே கூடாது, மூச்சு அடங்கிவிடும்.

—

முதல் பதிவு போட்டவன்தான். பல் விஷயம் எனக்கு யாரும் சொல்லலை, நன்றி. நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், முதல் வரியே "எப்போ நிறுத்தலாம்?" அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் "வீட்டில் வைத்துக்கொள்ள நலாக்சோன் கிடைக்குமா?" என்று எழுதியிருக்கிறேன்.