மறுமொழி: காலநிலைப் பேரழிவுக்குப் பிந்தைய உலகைச் சொல்லும் கதைகள் – ‘ஊழிப் புனைவு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

காலநிலைப் பேரழிவுக்குப் பிந்தைய கொடிய உலகைச் சொல்லும் கதைவகைக்கு (ஆங்கிலத்தில் climate dystopia) ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘ஊழிப் புனைவு’ என்ற முன்மொழிவுக்குப் பலரும் சரி சொல்லிவிட்டார்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் தடையையும் பதிந்துவிடுகிறேன்.

ஊழி, கடல்கோள் இரண்டும் கம்பீரமான சொற்கள்தான். ஆனால் இரண்டும் நிகழ்ச்சியின் பெயர்கள். கடல் ஏறியது, ஊர் போனது, அத்தோடு அவற்றின் வேலை முடிந்தது. நாம் பெயர் தேடும் கதைகளோ அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. மேட்டு நிலம் யார் கையில், தண்ணீர்ப் பங்கீட்டு அட்டை யாருக்கு, சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதெல்லாம்தான் அங்கே கதை. அழிவு மட்டும் இருந்தால் அது பேரிடர்க் கதை. அழிவைச் சாக்காக வைத்து ஒரு கொடிய ஒழுங்கு வேரூன்றும்போதுதான் டிஸ்டோபியா (கேடுகெட்ட சமூகத்தைக் காட்டும் கதை). 1868இல் மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தச் சொல்லைக் கையில் எடுத்ததும் அரசின் அயர்லாந்துக் கொள்கையைச் சாடத்தான். புயல், வெள்ளம் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை.

> அறிவியல் புனைவுக்கு அறிபுனை என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதே அச்சில் ‘சூழ்புனை’ ஆகாதா?

காதுக்கு இனிமையாக இருக்கிறது ஐயா. ஆனால் சூழ் என்றதும் சூழ்ச்சியும் கூடவே வந்துவிடும். அரண்மனைச் சதிக் கதை என்று எடுத்துக்கொள்வார்கள். தவிர, அது கிளை-ஃபை (cli-fi, காலநிலை பற்றிய புனைவு) முழுவதற்குமான பெயர். மனிதர்கள் கூடி உழைத்து வெப்பத்தைத் தணிக்கிற நம்பிக்கைக் கதைகளும் அந்தக் குடைக்குள் வரும். நமக்கு வேண்டியது அதன் ஒரு கிளைக்கு மட்டும்.

> கேடுலகு?

புணர்ச்சி விதிப்படி நடந்தால் இது கேட்டுலகு ஆகும், காட்டு விலங்கு, வீட்டு வாசல் போல. ‘கேட்டு’ என்று படித்ததும் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று மனம் போகிறது! விதியைத் தளர்த்திக் கேடுலகு என்றே வைத்துக்கொண்டாலும், பொதுவான டிஸ்டோபியாவுக்குத்தான் அது பொருந்தும். காலநிலையைச் சேர்க்கப்போனால் ‘காலநிலைக் கேடுலகப் புனைவு’ என்று நீண்டுவிடுகிறது. நூலட்டையில் அச்சிட்டுப் பார்த்தால் தெரியும்.

என் முன்மொழிவு: திரிநிலப் புனைவு.

இது நானாகப் பின்னியது இல்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் இடத்தை எடுத்துப் பாருங்கள். ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்பது எல்லாருக்கும் தெரிந்த அடி. அதற்குச் சற்று முன்னால் உள்ள உவமையை அவ்வளவாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: ‘கோத்தொழிலாளரொடு கொற்றவன் கோடி, வேத்தியல் இழந்த வியல்நிலம் போல’. அரசனும் அவன் அதிகாரிகளும் கோணிப்போனதால் ஆட்சி கெட்ட பரந்த நிலத்தைப் போல, கோடையும் கதிரவனும் சேர்ந்து வாட்டிய மண் தன் இயல்பை இழக்கிறதாம். வெயில் கெடுத்த நிலமும் ஆட்சி கெடுத்த நிலமும் ஒரே மூச்சில் வருகின்றன. நம் கதைவகைக்கு வேண்டிய இரண்டும் அங்கே இருக்கின்றன. ஊழி என்ற சொல்லில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது.

இலக்கணமும் கைகொடுக்கிறது. திரிநிலம் வினைத்தொகை: திரிந்த நிலம், திரிகின்ற நிலம், திரியும் நிலம். எதிர்காலத்தில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு இன்றைக்கு நடப்பதையே எழுதுகிற கதைவகைக்கு இதைவிடத் தோதான தொகை இல்லை. பால் திரிந்துவிட்டது என்று அன்றாடம் சொல்கிறோம் என்பதால் அகராதி புரட்டவும் தேவையில்லை. இடம் என்ற பொருளும் தங்குகிறது. 1516இல் தாமஸ் மோர் தன் நூலுக்கு யுட்டோபியா என்று பெயர் வைத்தபோது ‘இல்லாத இடம்’, ‘நல்ல இடம்’ என்ற இரு கிரேக்கப் பொருளும் ஒலிக்கும்படி விளையாடினார். நாமோ ‘யுட்டோபியன் சோசலிசம்’ என்பதைக் ‘கற்பனாவாத சோசலிசம்’ என்று தமிழாக்கி இடத்தைத் தொலைத்துவிட்டோம்.

> மனிதர் செய்த வினை என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா?

வேண்டாம் அம்மா. ஜே. ஜி. பாலர்ட் 1962இல் எழுதிய மூழ்கிய உலகம் பற்றிய நாவலில் பூமி சூடேறுவதற்குக் காரணம் சூரியப் புயல்கள், புகைபோக்கிகள் அல்ல. காரணத்தைப் பெயருக்குள் பூட்டினால் இந்த வகையின் முன்னோடி ஒன்றையே வெளியே தள்ள வேண்டியிருக்கும். யார் திரித்தார்கள் என்பதைக் கதை சொல்லட்டும்.

ஒரு தடையை நானே எதிர்பார்க்கிறேன். திரிகடுகம் படித்தவர்களுக்குத் திரி என்றால் மூன்று. ‘மூன்று நிலப் புனைவா?’ என்று முதல் தடவை ஒரு நொடி தடுமாறலாம். நிலம் என்ற தமிழ்ச் சொல்லோடு சேர்ந்து வருவதால் இரண்டாம் தடவை தடுமாற்றம் இருக்காது என்பது என் கணிப்பு. அலைந்து திரிதல் என்ற பொருளும் உண்டுதான். ஊர் இழந்து அலைகிறவர்களின் கதைகளே இவற்றில் மிகுதி என்பதால் அதை நான் குறையாக எண்ணவில்லை.

பட்டியலுக்கான விளக்கம் இப்படி இருக்கலாம்: ‘திரிநிலப் புனைவு: காலநிலைச் சீர்குலைவுக்குப் பின் உருவாகும் கொடிய சமூக ஒழுங்கையும் அதற்குள் வாழ்வோரையும் சொல்லும் புனைவு வகை.’ பெயரடை வேண்டுமானால் திரிநில நாவல், திரிநிலக் கதை.

அப்புறம், ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ (wet-bulb temperature) என்ற சொல் பற்றிய கேள்விக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அது 35 பாகை செல்சியஸைத் தொட்டால் வியர்த்தும் உடல் குளிராது. பாடநூலுக்கு அந்தச் சொல் போதும். கதையில் வருகிற கிழவி அதை எப்படிச் சொல்வாள் என்பதுதான் மொழிபெயர்ப்பவரின் கவலை; அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.