காரைக்குடி சைக்கிளுக்கு இங்கிலாந்து மலை ரோடு: 11-28 கியர் போதுமா?

காரைக்குடிக்காரன்:
ஆகஸ்ட்ல இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஒருநாள் முழுக்க டூரிங். ஆம்பிள்சைடில் கிளம்பி ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள். கியர் பல்சக்கரம் முன்னால் 50, 34 பல் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28). நம்ம பக்கம் ஏத்தம்னா ரயில்வே மேம்பாலம்தான். சமாளிக்கலாமா?

தேவகோட்டை ரோடு:
போதாது தம்பி. ஹார்ட்நாட் உயரம் 393 மீட்டர்தான், ஆனா சில வளைவில் சரிவு 30 சதவீதத்தையும் தாண்டும். மணிக்கு 5 கி.மீ. போனாலே பெரிசு. அந்த வேகத்துல முன்னால 34, பின்னால 28-னா பெடல் நிமிஷத்துக்கு 33 சுத்துதான், முட்டி கழண்டுரும். பின்னால 11-34 மாட்டுங்க. பின்னால செயினை மாத்துற டீரெயிலர்ல, செயினை இழுத்துப் பிடிக்கிற கை (கேஜ்) குட்டையா இருந்தா பெரும்பாலும் அதைத் தாங்காது, லாங் கேஜ் வேணும். செயினையும் நீட்டணும். நீட்டாம முன்னால 50, பின்னால 34 போட்டா டீரெயிலர் இழுபட்டு, அதை பிரேம்ல மாட்டுற ஹேங்கர் ஒடியும். ஈர ரோட்டுல எழுந்து மிதிச்சா பின்சக்கரம் வழுக்கும். சீட் நுனியில உட்கார்ந்தே ஏறுங்க.

கானாடுகாத்தான்:
ஏத்தத்துல இறங்கித் தள்ளிக்கலாம், அவமானம் இல்ல. இறக்கம்தான் வில்லங்கம். சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் ஈரத்துல உடனே பிடிக்காது. பிரேக் கட்டை முதல்ல விளிம்புத் தண்ணியைத் துடைக்கணும். வளைவுக்கு முன்னாடியே லேசா தொட்டுக்கிட்டே வாங்க. ஆடு தாண்டாம இருக்க ரோட்டுக் குறுக்கே இரும்புக் கம்பி பதிச்சிருக்கும். நேரா, பிரேக் தொடாம தாண்டணும். டயர் 28 மி.மீ.க்குக் குறையாம. பயிற்சிக்கு திண்டுக்கல் சிறுமலை, 18 கொண்டை ஊசி.

காரைக்குடிக்காரன்:
சரிண்ணே. தீனிக்கு சீப்புச் சீடை?

கானாடுகாத்தான்:
பையில தூளாயிடும், தாகமும் எடுக்கும். கடலை மிட்டாய், மணிக்கு ரெண்டு.