புதுப்பிப்பு: நீராவி லைன் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 0.15 பார் கூடக் காட்டிய பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாக மாட்டிய டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் கருவி), மேலே டேப்பிங் (நீராவி லைனிலிருந்து சிறு குழாய் பிரியும் இடம்) உயரத்தில் உள்ள கேஜைவிட 0.15 பார் கூடக் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். லைனின் அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாயில் நிற்கும் தண்ணீர்தான் காரணம் என்று ஒருவர் சொன்னதே சரி. டிரான்ஸ்மிட்டர் 1.5 மீட்டர் கீழே இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 0.098 பார், கணக்கு அப்படியே பொருந்தியது.

டேப்பிங்கில் உள்ள ரூட் வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, வென்ட் (அழுத்தத்தை வெளியே விடும் திறப்பு) வழியாக அழுத்தம் முழுக்க இறங்கி, குழாய் ஆறிய பிறகே கை வைத்தேன். இதில் அவசரமே கூடாது. டேப்பிங் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, மேல் வென்ட் திறந்திருக்கும்போதே ஜீரோ டிரிம் (அந்த நிலையையே பூஜ்யமாகப் பதிவது) செய்தேன்: பூஜ்யத்துக்கான சிக்னல் 4.00 மில்லியாம்ப். பிறகு வென்டை மூடி, வால்வை மெல்லத் திறந்தேன். இப்போது இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றன.

எதிர்பாராதது ஒன்று: மின் சப்ளையை நிறுத்தி டிரான்ஸ்மிட்டர் மூடியைக் கழற்றினால், வயர் இணையும் டெர்மினலில் நீர்த்துளிகள். கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் சரியாக இறுகவில்லை. துடைத்து, உலர்த்தி, இறுக்கிவிட்டேன்.